இடுப்பு எலும்பு முறிவு கூடாமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். இடுப்பில் முறிவு ஏற்பட்டு, ஸ்க்ரூவோ பிளேட்டோ வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்தும் எலும்பு கூடாதவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். டாக்டர் முன்னால் உட்காரும் நேரம் கொஞ்சம்தான். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் அந்த நேரம் உங்களுக்குப் பயன்படும்.

இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. ஆனா எக்ஸ்ரேவுல தொடை எலும்பைக் காட்டுறாங்களே?

இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன. தொடை எலும்பின் மேல்முனை பந்து போல உருண்டு, இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பந்தைத் தலை என்கிறோம். தலைக்குக் கீழே குறுகலாகக் கழுத்து. அதற்கும் கீழே தசைகள் வந்து ஒட்டும் இரண்டு புடைப்புகள். பிறகு நீண்ட தண்டு. இந்த மேல்பகுதியில் எங்கே உடைந்தாலும் பேச்சில் 'இடுப்பு முறிவு' என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் எந்த இடத்தில் உடைந்தது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தா, புடைப்புகளுக்கு நடுவிலா, புடைப்புகளுக்குக் கீழேயா? கூடாமல் போகும் வாய்ப்பு, அதற்கான காரணம், அடுத்த ஆபரேஷன் எல்லாமே இதைப் பொறுத்து மாறும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் கழுத்து முறிவைப் பற்றியவை. ஏனென்றால் அதிகம் தொல்லை தருவது அதுதான்.

எவ்வளவு நாள் ஆனா 'கூடலை'ன்னு முடிவு பண்ணுவாங்க?

பொதுவாக எந்த எலும்புக்கும் சொல்லப்படும் கணக்கு: முறிந்து 9 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி 3 மாதத்தில் எந்த முன்னேற்றமும் தெரியாமல் இருக்க வேண்டும். ஆனால் தொடைக் கழுத்து விஷயத்தில் 9 மாதம் வரை காத்திருக்க மாட்டார்கள். 3 முதல் 6 மாதத்துக்குள் எக்ஸ்ரேவில் கூடுவதற்கான அறிகுறியே இல்லை, காலை ஊன்றினால் வலிக்கிறது என்றால் அடுத்த வழியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஸ்க்ரூ வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, தலை சரிந்துவிட்டது, பிளேட் உடைந்துவிட்டது என்றால் நாள் கணக்கு பார்க்கவே தேவையில்லை. பிடிமானம் போன பிறகு எலும்பு தானாகக் கூடும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை.

கை உடைஞ்சா ஆறு வாரத்துல சேர்ந்துடுது. இது மட்டும் ஏன் சேர மாட்டேங்குது?

முதல் காரணம் ரத்த ஓட்டம். தலைக்குப் போகும் முக்கியமான ரத்தக் குழாய்கள் கழுத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஏறிப் போகின்றன. கழுத்து உடைந்து விலகினால் அவை கிழிந்துவிடலாம், அல்லது மடங்கி அடைபடலாம். இரண்டாவது, மூட்டுக்குள் இருக்கும் திரவம் முறிந்த இடத்தை நனைத்துக்கொண்டே இருப்பதால், எலும்பு வளர அடித்தளமாக இருக்கும் ரத்தக் கட்டி அங்கே நிலைப்பதில்லை. மூன்றாவது, மற்ற எலும்புகளைச் சுற்றி இருக்கும் உறையில் புது எலும்பை உண்டாக்கும் ஓர் அடுக்கு உண்டு. கழுத்துப் பகுதியில் அது கிட்டத்தட்ட இல்லை. அதனால் வெளிப்பக்கம் கெட்டியாகப் புது எலும்பு படர்ந்து தாங்கிப்பிடிப்பது இங்கே நடக்காது.

நான்காவதுதான் ஆபரேஷனைப் புரிந்துகொள்ள மிகவும் முக்கியம். முறிவுக் கோடு எந்தச் சாய்வில் இருக்கிறது? ஃப்ரீட்ரிஹ் பௌவெல்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1935 இல் இதை வகைப்படுத்தினார். கோடு படுக்கைக்கு நெருக்கமாக, 30 டிகிரிக்குள் இருந்தால் உடல் எடை இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. அது நல்லது. 50 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருந்தால் அதே எடை ஒரு துண்டை இன்னொன்றின் மேல் வழுக்கிவிடப் பார்க்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டில் விழும் சுமை உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்த வழுக்கல் நடந்துகொண்டிருந்தால் எலும்பு எப்படிக் கூடும்?

அப்போ முதல் ஆபரேஷனைச் சரியா செய்யலையா?

கோபத்தோடு கேட்கிறார்கள், கோபம் நியாயமானதுதான். சில நேரம் ஆம். துண்டுகளைச் சரியான நிலையில் பொருத்தாமல், தலை உள்பக்கம் கவிழ்ந்தபடியே ஸ்க்ரூ போட்டிருந்தால் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு அதிகரிக்கிறது. முதல் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேவைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாம் சரியாகச் செய்தும் கூடாமல் போவது இந்த எலும்பில் உண்டு. துண்டுகள் விலகிய கழுத்து முறிவில், ஸ்க்ரூ போட்ட இளம் வயதினரிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. எலும்பு மெலிந்த முதியவர்களில் இன்னும் அதிகம். புகைபிடிப்பது, கட்டுப்படாத சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, நீண்ட நாள் ஸ்டீராய்டு, வெளியே தெரியாத கிருமித் தொற்று எல்லாம் கூடச் சேரும். யார் தப்பு என்பதைவிட, ஏன் கூடவில்லை என்று தெரிவது அடுத்த ஆபரேஷனுக்கு உதவும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் பழைய ஸ்க்ரூவை எடுத்துப் புது ஸ்க்ரூ மட்டும் போட்டால் அதே கதை திரும்ப நடக்கும்.

வலி பெருசா இல்ல. கொஞ்சம் நொண்டுறாரு, அவ்வளவுதான். அப்படியே விட்டுடலாமா?

பெரும்பாலானவர்களுக்கு விடக் கூடாது. இந்த வலி தொடை இடுக்கில் வரும், சிலருக்கு முழங்கால் வரை இறங்கும். முழங்கால் வலி என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மாதங்களை ஓட்டியவர்கள் உண்டு. உட்கார்ந்து எழும் முதல் சில அடிகளில் வலிக்கிறதா, கால் குட்டையாகிக்கொண்டே வருகிறதா, பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறதா என்று கவனியுங்கள்.

தாமதத்தில் நடப்பது இதுதான்: கூடாத கழுத்து உரசி உரசிக் கரைந்து போகிறது. தலைக்குள் பிடிமானம் இல்லாமல் குழிவிழுகிறது. நகர்ந்த ஸ்க்ரூவின் நுனி தலையைத் துளைத்து எதிரே இருக்கும் குழியின் குருத்தெலும்பைச் சுரண்ட ஆரம்பிக்கிறது. இன்று எலும்பைக் காப்பாற்ற முடிந்தவருக்கு நான்கைந்து மாதம் கழித்து அந்த வழி மூடிப்போயிருக்கலாம். முறிவுக்கு முன்பே நடமாட்டம் இல்லாமல் படுக்கையில் இருப்பவர், வலியும் இல்லை, மயக்க மருந்தைத் தாங்கும் நிலையிலும் இல்லை என்றால் மட்டும் விட்டுவிடுவது நியாயமான முடிவு.

மாத்திரை, ஊசியிலயே சரி பண்ண முடியாதா?

இரண்டு துண்டுக்கு நடுவில் அசைவு இருக்கும்வரை மாத்திரையால் மட்டும் முடியாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் ஏற்ற வேண்டும், தைராய்டு, சர்க்கரையைச் சரிசெய்ய வேண்டும். இவை ஆபரேஷனுக்குத் துணை, மாற்று அல்ல. புகைபிடிப்பவர் அதை நிறுத்துவது இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். நிக்கோடின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, எலும்பு கூடும்வரை தொடாமல் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணவர்தானே. திரும்பவும் எதுக்கு இத்தனை டெஸ்ட்?

முறிவு உண்மையிலேயே கூடவில்லையா என்பதை எக்ஸ்ரேவில் பல சமயம் உறுதியாகச் சொல்ல முடியாது, உலோகம் மறைக்கும். சிடி ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். தலைக்கு உயிர் இருக்கிறதா, அதாவது ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ. உள்ளே இருக்கும் உலோகம் படத்தைக் கொஞ்சம் கெடுக்கும், டைட்டானியமாக இருந்தால் குறைவாகக் கெடுக்கும்.

ரத்தத்தில் இஎஸ்ஆர், சிஆர்பி பார்ப்பது கிருமித் தொற்றுக்காக. காய்ச்சலும் சீழும் இல்லாமலே உள்ளே கிருமி அமைதியாக இருக்க முடியும். சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து ஊசியால் திரவம் எடுத்துச் சோதிப்பார்கள். ஆபரேஷன் நடக்கும்போதும் ஐந்தாறு இடங்களிலிருந்து சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதைச் செய்வார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒரு டாக்டர் எலும்பைக் காப்பாத்தலாம்ங்கறார், இன்னொருத்தர் மூட்டையே மாத்தணும்ங்கறார். யார் சொல்றது சரி?

இருவருமே சரியாக இருக்கலாம். முடிவைத் தீர்மானிப்பவை நான்கு: வயது, தலையின் நிலை, கழுத்தில் மீதி இருக்கும் எலும்பு, குழியின் குருத்தெலும்பு.

சுமார் 60 வயதுக்குள், தலை உருண்டையாகவே இருக்கிறது, கழுத்து முழுசாகக் கரையவில்லை என்றால் சொந்த எலும்பைக் காப்பாற்றத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. செயற்கை மூட்டு தேயும். 35 வயதில் வைத்தால் வாழ்நாளில் அதை மாற்றும் ஆபரேஷன் ஒன்றோ இரண்டோ வரலாம், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமானது. 70 தாண்டியவருக்குக் கணக்கு தலைகீழ். அவரால் மாதக்கணக்கில் காலில் எடை போடாமல் இருக்க முடியாது. படுத்தே இருந்தால் நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டி என்று வரிசையாக வரும். அவருக்கு மூட்டு மாற்றுவதுதான் நல்லது, மறுநாளே நிற்க வைத்துவிடலாம்.

நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். அங்கே பிறப்புச் சான்றிதழில் இருக்கும் வயதைவிட உடம்பின் நிலை முக்கியம். "என் தலை பிழைத்திருக்கிறதா, கழுத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது?" என்று இரண்டு டாக்டரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வேறுபட்டால், எம்ஆர்ஐயும் சிடியும் எடுத்தாயிற்றா என்று பாருங்கள்.

உடைஞ்சதைச் சேர்க்க, நல்லா இருக்கற எலும்பை எதுக்கு வெட்டணும்?

கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் இளம் வயதினருக்கு இருக்கும் வழிகளில் பல காலமாக நிலைத்து நிற்பது இதுதான். மேலே முறிவுக் கோட்டின் சாய்வைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? சரிவான பலகையில் வைத்த புத்தகம் வழுக்குகிறது. புத்தகத்தை ஆணி அடித்து நிறுத்துவது ஒரு வழி, பலகையை மட்டமாக்குவது இன்னொரு வழி. இந்த ஆபரேஷன் இரண்டாவது வழி. பௌவெல்ஸ் சொல்லிக்கொடுத்த யோசனை.

கூடாத இடத்தைப் பெரும்பாலும் திறப்பதே இல்லை. அதற்குக் கீழே, புடைப்புகள் இருக்கும் பகுதியில், வெளிப்பக்கம் அகலமாக இருக்கும்படி ஓர் ஆப்பு வடிவத் துண்டை அளந்து வெட்டி எடுக்கிறார்கள். அந்த இடைவெளியை மூடும்போது தலையும் கழுத்தும் வெளிப்பக்கமாகத் திரும்பி நிமிர்கின்றன. செங்குத்தாக நின்ற முறிவுக் கோடு படுக்கைவாக்குக்கு வருகிறது. வெட்டும் கோணத்தை எக்ஸ்ரேமேல் முன்கூட்டியே வரைந்து கணக்கிடுவார்கள். கோடு கடைசியில் 30 டிகிரிக்குள் வர வேண்டும் என்பது நோக்கம். வெட்டும் ஆப்பு பெரும்பாலும் 20 முதல் 30 டிகிரி. பிறகு கோணத்தில் வளைந்த பிளேட்டாலோ, தலைக்குள் சறுக்கிச் செல்லும் பெரிய ஸ்க்ரூ உள்ள பிளேட்டாலோ இறுக்குகிறார்கள். முன்பு எந்த எடை எலும்பைப் பிரித்ததோ, அதே எடை இப்போது அழுத்திச் சேர்க்கிறது. சரியான ஆளுக்குச் செய்தால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு எலும்பு கூடிவிடுகிறது.

வெட்டிய இடமும் கூட வேண்டுமே என்று கேட்பார்கள். அங்கே எலும்பு பஞ்சு போன்றது, ரத்த ஓட்டம் தாராளம், அது தகராறு செய்வது அபூர்வம்.

இடுப்புல இருந்தோ கால்ல இருந்தோ எலும்பு எடுத்து வைக்கணும்ங்கறாங்களே, அது எதுக்கு?

கழுத்தில் எலும்பு கரைந்து இடைவெளி விழுந்திருந்தால் வெறும் கோண மாற்றம் போதாது, நிரப்ப வேண்டும். இடுப்பு மேல்விளிம்பிலிருந்து பொடியாக எடுத்து வைக்கலாம். முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் மெல்லியதான ஃபிபுலாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கழுத்து வழியாகத் தலைக்குள் செலுத்தலாம். அது எலும்பாகவும் தாங்குகோலாகவும் வேலை செய்யும். கணுக்காலின் உறுதிக்காக ஃபிபுலாவின் கீழ்ப்பகுதியைத் தொடாமல் விடுவார்கள். நடப்பதற்கு அது எடுத்ததால் பெரிய குறை வராது.

ரத்தக் குழாயோடு சேர்த்து ஃபிபுலாவை எடுத்து நுண்ணோக்கி வைத்து இணைப்பதும், இடுப்பின் பின்பக்கத் தசையோடு ஒட்டிய எலும்புத் துண்டைத் திருப்பி வைப்பதும் உண்டு. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் முயற்சிகள் இவை. நேரம் பிடிக்கும், தனிப் பயிற்சி தேவை, எல்லா இடத்திலும் செய்வதில்லை.

தலைக்கு ரத்த ஓட்டம் போயிடுச்சாம். அப்புறம் சேர்த்து என்ன பிரயோஜனம்?

ரத்த ஓட்டம் குறைந்த தலையும் இடிந்து விழுந்த தலையும் ஒன்றல்ல. எம்ஆர்ஐயில் ஒரு பகுதி மட்டும் பாதிக்கப்பட்டு, தலை இன்னும் உருண்டையாக இருந்தால், முறிவு கூடிய பிறகு கீழிருந்து ரத்தக் குழாய்கள் மெல்ல உள்ளே போக வழி கிடைக்கிறது. இளம் வயதினரில் இதை மட்டும் காரணமாக வைத்துக் காப்பாற்றும் ஆபரேஷனைக் கைவிட வேண்டியதில்லை. தலை நசுங்கித் தட்டையாகிவிட்டது என்றால் பேச்சு வேறு. அப்போது மூட்டு மாற்றம்தான்.

எலும்பு கூடிய பிறகும் இரண்டு மூன்று வருடம் வரை தலை இடிகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலி போய்விட்டது என்று யாரும் இந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

மூட்டு மாத்தறது தினமும் செய்யற ஆபரேஷன்தானே? இதுல என்ன கஷ்டம்?

தேய்மானத்துக்கு மாற்றுவது வேறு, இது வேறு. பழைய தழும்பில் திசுக்கள் ஒட்டிப்போயிருக்கும். மாதக்கணக்கில் காலில் எடை போடாததால் எலும்பு மெலிந்திருக்கும். உள்ளே உடைந்த ஸ்க்ரூ இருந்தால் அதைச் சுற்றித் துளைத்து எடுக்கத் தனிக் கருவிகள் வேண்டும்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னால் எவ்வளவு கவனம் தேவை என்று புரியும். பழைய பிளேட்டையும் ஸ்க்ரூவையும் முதலில் கழற்றிவிட்டுப் பிறகு மூட்டைத் திருகி வெளியே எடுத்தால், வெறுமையான ஸ்க்ரூ துளை வழியாகத் தொடை எலும்பு முறுக்கி உடைந்துவிடலாம். அதனால் அனுபவமுள்ளவர்கள் உலோகம் உள்ளே இருக்கும்போதே மூட்டை விலக்கி எடுத்துவிட்டு, அப்புறம்தான் கழற்றுவார்கள். துளைகள் பலவீனமான இடங்கள் என்பதால், எலும்புக்குள் இறங்கும் செயற்கை மூட்டின் தண்டு கடைசித் துளையைத் தாண்டி, எலும்பின் தடிமனைப் போல இரண்டு மடங்காவது கீழே போக வேண்டும். நீளமான தண்டு வைப்பது இதனால்தான்.

கிருமித் தொற்று, மூட்டு நழுவுவது, எலும்பு உடைவது ஆகிய மூன்றும் முதல்முறை மாற்றும்போது இருப்பதைவிட இதில் அதிகம். ஆனால் வலி குறைவதும் நடை திரும்புவதும் பெரும்பாலோருக்கு நிச்சயம் நடக்கிறது. இந்த வகை ஆபரேஷன் செய்து பழகியவரிடம் போங்கள்.

அரை மூட்டா, முழு மூட்டா?

தலையை மட்டும் மாற்றுவது அரை மூட்டு, குழியையும் சேர்த்து மாற்றுவது முழு மூட்டு. ஸ்க்ரூ குழியைச் சுரண்டியிருந்தாலோ, நன்றாக நடமாடும் ஆளாக இருந்தாலோ முழு மூட்டு. வீட்டுக்குள் மட்டும் நடக்கும் மிக முதியவர், குழி நன்றாக இருக்கிறது என்றால் அரை மூட்டு போதும். அது நழுவுவதும் குறைவு.

எங்க அம்மாவுக்குக் கழுத்துல இல்ல, அதுக்குக் கீழே உடைஞ்சது. வெச்ச ராடு உடைஞ்சுபோச்சு. அவங்களுக்கும் இதேதானா?

இல்லை. புடைப்புகளுக்கு நடுவில் உடைந்தால் கூடாமல் போவதே அபூர்வம், ரத்த ஓட்டம் அங்கே நன்றாக இருக்கும். அங்கே நடப்பது பெரும்பாலும் ஸ்க்ரூ தலையைக் கிழித்துக்கொண்டு வெளியேறுவது. ஸ்க்ரூ நுனிக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை முன்பக்க, பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டிலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று 1995 இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது, இன்றும் அதையே பின்பற்றுகிறார்கள். எலும்பு நன்றாக இருந்தால் கோணத்தைச் சரிசெய்து புதிதாகப் பொருத்தலாம், மெலிந்திருந்தால் மூட்டு மாற்றலாம்.

புடைப்புகளுக்குக் கீழே உடைந்ததென்றால் ராடு உடைவது புதிதல்ல. உடம்பிலேயே அதிகச் சுமை விழும் எலும்புப் பகுதிகளில் அதுவும் ஒன்று. எலும்பு கூடாவிட்டால் எந்த உலோகமும் ஒருநாள் களைத்து உடையும். உள்பக்கம் கவிழ்ந்த கோணத்தை நிமிர்த்தி, இன்னும் தடிமனான ராடோ கோண பிளேட்டோ வைத்து, தேவைப்பட்டால் எலும்பு நிரப்புவார்கள். அம்மா எலும்பு மெலிவுக்கு அலெண்ட்ரோனேட் மாதிரி மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டவரா? பெரிதாக விழாமலே உடைந்ததா? அப்படியானால் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மருந்தால் வரும் தனி வகை முறிவாக இது இருக்கலாம். மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும், அடுத்த காலையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே சீழ் இருக்குன்னா என்ன செய்வாங்க?

முதலில் கிருமி, பிறகுதான் எலும்பு. உலோகத்தையும் இறந்த எலும்பையும் எடுத்துச் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டைத் தற்காலிகமாக வைத்து, சுமார் ஆறு வாரம் மருந்து கொடுத்து, ரத்தப் பரிசோதனை சரியான பிறகு இரண்டாவது கட்டமாக மூட்டு வைப்பார்கள். நடுவில் இருக்கும் அந்த வாரங்கள் மிகக் கடினமானவை. வீட்டாரின் துணை அப்போதுதான் அதிகம் தேவைப்படும்.

எதுவுமே ஒத்துவராதபோது தலையை எடுத்துவிட்டு மூட்டே வைக்காமல் விடுவதும் உண்டு. ஆக்ஸ்போர்டு மருத்துவர் கேர்டில்ஸ்டோன் பெயரால் அழைக்கப்படும் ஆபரேஷன் அது. கால் குட்டையாகும், ஊன்றுகோல் வேண்டும். ஆனால் கிருமியும் வலியும் அடங்கும்.

எப்போ காலை ஊன்றலாம்?

மூட்டு மாற்றியவர் பெரும்பாலும் மறுநாளே வாக்கரோடு. எலும்பை வெட்டிச் சேர்த்தவர் 6 முதல் 12 வாரம் பாதம் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும், பிறகு எக்ஸ்ரே பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக.

இங்கே எல்லோரும் செய்யும் ஒன்றைத் தடுக்கவே தினமும் பாடுபடுகிறேன். எடை போடக் கூடாது என்றதும் காலை மடக்கித் தூக்கிப் பிடித்தபடி தத்தித் தத்திப் போகிறார்கள். தூக்கிப் பிடிக்கத் தசைகள் இறுகும்போது, பாதத்தை லேசாகத் தரையில் வைப்பதைவிட அதிகச் சுமை இடுப்பு மூட்டில் விழுகிறது. பாதத்தைத் தரையில் தட்டையாக வையுங்கள், எடையைக் கைகளில் போடுங்கள். படுத்தபடி காலை நீட்டித் தூக்கும் பயிற்சியையும் டாக்டர் சொல்லும்வரை செய்யாதீர்கள், அதுவும் மூட்டைக் கடுமையாக அழுத்தும். பிறகு ஒற்றைக் கோலுக்கு மாறும்போது கோல் நல்ல காலின் பக்கக் கையில் இருக்க வேண்டும்.

ரத்தக் கட்டி வராமல் தடுக்கும் மருந்தை ஐந்து வாரம் வரைகூடக் கொடுப்பார்கள். இடையில் நிறுத்தாதீர்கள்.

கால் நீளம் சமமாகுமா? நொண்டல் போயிடுமா?

ஆப்பு வெட்டும் ஆபரேஷனில், குட்டையாகியிருந்த கால் ஓரளவு நீளம் பெறும். ஆனால் கழுத்து நிமிர்வதால் இடுப்பை மட்டமாகப் பிடிக்கும் பக்கத் தசைக்கு நெம்பும் வசதி குறைகிறது, அதனால் லேசான நொண்டல் சிலருக்குத் தங்கும். பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்தும் பயிற்சி, எலும்பு கூடிய பிறகு, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை விடாமல் செய்தால் நன்றாகக் குறையும். மீதி வித்தியாசத்துக்குச் செருப்புக்குள் தடிமன் வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு எண்பது வயசு. இன்னொரு ஆபரேஷனைத் தாங்குவாரா?

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே செய்ய முடியும். வயதைவிட இதயம், நுரையீரல், ரத்த அளவு, சத்துணவு, முன்பு எவ்வளவு நடந்தார் என்பவைதான் தீர்மானிக்கும். ரத்தசோகையைச் சரிசெய்து, சத்தான சாப்பாடு கொடுத்து இரண்டு வாரம் தயார் செய்தாலே நிலைமை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவரிடமே கேளுங்கள். வலியோடு படுத்திருக்கப் போவது அவர்தான்.

இதுவும் சேராம போனா?

எலும்பைக் காப்பாற்ற முயன்று தோற்றால் மூட்டு மாற்றும் வழி இன்னும் திறந்தே இருக்கும். வெட்டி நிமிர்த்தியதால் எலும்பின் உட்குழாய் நேராக இருக்காது, தண்டைப் பொருத்துவது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். அந்த நாள் வந்தால் புது டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது பழைய ஆபரேஷன் குறிப்பும், உள்ளே இருக்கும் பிளேட், ராடு எந்த நிறுவனம், எந்த அளவு என்ற விவரமும். அது தெரியாவிட்டால் ஸ்க்ரூவைக் கழற்றும் கருவியே பொருந்தாமல் போகலாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்த விவரம் உள்ள ஸ்டிக்கரையும் எல்லா எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள்.